எனக்கு வைத்த படையல்

வயிற்றை வெட்டிச் சிறிதாக்கிக் கொஞ்ச மாதம் போயிருந்தது. ஒருநாள் காலையில் வேலைக்குப் போனேன். டண்டினொங்கில் நான் பாரம் தூக்கும் போக்லிஃப்ட் வண்டி ஓட்டும் வெயர்ஹவுஸ் வாசலில் முகம் பார்க்கும் மெசின் ஒன்று உண்டு. முன்னால் நின்றால் பச்சை எரியும். கதவு திறக்கும். அன்றைக்குச் சிவப்பு எரிந்தது. தள்ளி நின்றேன். தொப்பியைக் கழற்றினேன். திரும்பவும் சிவப்பு.

பின்னால் நின்ற துருக்கிக்காரன் சிரித்தான். என்னோடு வேலை செய்பவன். எனக்கு முதலே அதே ஒப்பரேசன் செய்தவன். என்னை அந்த டொக்டரிடம் அனுப்பியதும் அவன்தான். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அளவு இங்கிலீஸ்தான் தெரியும். அதனால் நன்றாக விளங்கும்.

"உன்னை அதுக்குத் தெரியேல்லை, பிரதர். எனக்கும் இப்பிடித்தான் செய்தது. ஒஃபிசுக்குப் போ. பழைய ஆளை அழிச்சுப்போட்டுப் புது ஆளைப் போடுவினம்."

ஒஃபிசில் இருந்த பெண் கொம்பியூட்டரில் என்னை எடுத்தாள். பழைய முகம் திரை நிறைய நின்றது. கன்னமும் தாடையும் கழுத்தும் ஒன்றாக. அழிக்கவா என்று கொம்பியூட்டர் கேட்டது. அவள் ஓம் என்று அழுத்தினாள். முகம் போனது. அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தலை வந்தது. கண் மூக்கு இல்லாத தலை. பிறகு என்னைச் சுவரோடு நிற்க வைத்துப் படம் எடுத்தாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கலாமே."

"எந்தப் படம்?"

"அவற்ற படம்."

"ஆற்ற படம்?"

அவள் திரும்பவும் வெங்காயத்தை வெட்டத் தொடங்கினாள்.

நான் சின்ன வயதிலேயே பெரிய உடம்புக்காரன். பள்ளிக்கூடம் பாதியில் நின்றது. மூட்டை தூக்கப் போனேன். உடம்பு அதற்கு உதவியது. ஊரை விட்டு இங்கே வந்த பிறகு இன்னும் ஏறியது. இவள் என்னை முதன்முதல் கண்டதே அந்த உடம்போடுதான். கலியாணம் கட்ட வந்து இறங்கிய விமான நிலையத்தில் என்னைக் கண்டதை நினைத்து, "ஒரு வாசல் மாதிரி நிண்டியள்" என்று பிறகு சொல்லிச் சிரிப்பாள். மகள் பிறந்தாள், வளர்ந்தாள், கலியாணம் கட்டிச் சிட்னிக்குப் போனாள். வாசல் அகலமானதே தவிர ஒடுங்கவில்லை.

சீனி வருத்தம் வந்தது. நித்திரையில் மூச்சு நின்று நின்று வந்தது. மூச்சு மெசின் தந்தார்கள். கடைசியில் டொக்டர் சொன்னார், வயிற்றைச் சிறிதாக்காவிட்டால் பேத்தி பள்ளிக்கூடம் போவதைப் பார்க்க மாட்டீர் என்று. சரி என்றேன்.

ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. சீனி இறங்கியது. மூச்சு மெசினைத் திருப்பிக் கொடுத்தோம். முழங்கால் வலி போனது. ஒரு குறையும் சொல்ல இல்லை.

ஆனால் ஆட்கள் என்னை விட்டுவிட்டு எனக்குப் பின்னால் யாரையோ தேடத் தொடங்கினார்கள். ஸ்பிரிங்வேலில் நாங்கள் மரக்கறி வாங்கும் கடைக்காரன் ஊர்க்காரன்தான். பல வருசப் பழக்கம். ஒருநாள் என்னைப் பார்த்து, "உங்கட அண்ணை எப்பிடி? கன நாளாக் காணேல்லை. சாடை அப்பிடியே இருக்கு" என்றான்.

"சுகம்," என்றேன்.

"கேட்டதாச் சொல்லுங்கோ."

சொல்லுகிறேன் என்று மரக்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். நின்று விளங்கப்படுத்த எனக்கு வராது. காரில் ஏறிய பிறகு கண்ணாடியைப் பார்த்தேன். அண்ணைக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

அதே கிழமை, ஞாயிறு மத்தியானம், முதன்முதல் அந்தப் பீங்கானை, நான் முந்திச் சாப்பிடும் தட்டை, கவனித்தேன்.

எனக்கு இப்போது தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைக்கும் சோசர் போதும். மூன்று கரண்டி சோறு, கொஞ்சம் பருப்பு, ஒரு துண்டு மீன். அதற்கு மேலே போனால் நெஞ்சுக்குள் கல் வைத்தது போல இருக்கும். அன்றைக்குச் சோசர் மேசையின் பக்கவாட்டில் இருந்தது. மேசைத் தலைப்பில், நான் முந்தி இருக்கும் அகலக் கதிரைக்கு முன்னால், பெரிய பீங்கான் நிறையச் சோறு. சுற்றி ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, பொரித்த மிளகாய். பக்கத்தில் தண்ணீர். மனைவியின் சாப்பாடு என்று நினைத்தேன். அவள் தன்னுடையதைக் குசினியில் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"இது ஆருக்கு?"

"இருக்கட்டும். உங்கட சோசரில இருக்கிறதை நீங்கள் சாப்பிடுங்கோ."

சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போனேன். எழும்பி வரப் பீங்கான் கழுவிக் கவிழ்த்திருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான். பீங்கான் நிறைந்திருக்கும். பிறகு கழுவியிருக்கும். இடையில் நடப்பதை நான் காணவில்லை. கேட்கவும் இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் எட்டாம் நாள் அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து இலையில் படைப்பார்கள். படைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்துவார்கள். செத்தவர் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று. எட்டுச் செலவு என்று சொல்வது. அந்த நினைப்பு எனக்கு வந்தது. சோசரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

பிறகு மகள் சிட்னியில் இருந்து போன் எடுத்தாள். அவளுக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில். அங்கே ஹரிஸ் பார்க்கில் இருக்கிறாள். மூத்தவளுக்கு மூன்று வயது. ஒப்பரேசனுக்கு முதல் தொடங்கி அம்மாவை வந்து நிற்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போதெல்லாம் மனைவி சொல்லும் பதில் ஒன்றுதான், அப்பாவைத் தனிய விட்டுட்டு வரேலாது. அன்றைக்கு நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். மனைவி போனில் சொன்னாள்:

"வரலாம் பிள்ளை. வந்தா அங்கேயே நிண்டிடலாம். இஞ்ச எனக்கு ஆர் இருக்கினம்?"

கோபத்தில் சொல்லவில்லை. குத்திக் காட்டவும் இல்லை. வீட்டில் பால் முடிந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள். நான் எழும்பிக் கொல்லைக்குப் போனேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவள் என்னை நான் என்று எடுக்க வேண்டும். அதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

இந்த நேரத்தில்தான் ஆஸ்பத்திரியில் இருந்து ஆராய்ச்சி செய்யும் பெண்பிள்ளை ஒன்று போன் எடுத்தது. தமிழ்நாட்டுப் பிள்ளை. என்னைப் போல ஒப்பரேசன் செய்த தமிழ் ஆட்களிடம் சில கேள்வி கேட்க வேண்டுமாம். வர முடியுமா என்றது. வருகிறேன் என்றேன். மனைவியும் வெளிக்கிட்டாள். ஆஸ்பத்திரி என்றால் அவள் வராமல் விடமாட்டாள்.

சின்ன அறை. ஒரு மேசை, மூன்று கதிரை, குரல் பதியும் சின்ன மெசின் ஒன்று.

"இது இங்கிலீஷ்ல எழுதின கேள்வித்தாள் அங்கிள்," என்றது பிள்ளை. "ஆபரேஷனுக்கு அப்புறம் வாழ்க்கை எப்படி இருக்குன்னு அளக்கிறதுக்கு. துருக்கிக்காரங்களுக்கு ஏற்கெனவே அவங்க பாஷையில பண்ணியாச்சு. இப்ப தமிழ். சும்மா மொழிபெயர்த்தா பத்தாது. நம்ம வீடுகளுக்குப் பொருந்துதான்னு பார்க்கணும். நான் படிப்பேன். நீங்க பதில் சொல்லிட்டு, கேள்வி என்ன கேக்குதுன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க."

"சரி."

"ரெண்டு வாரம் கழிச்சு இதே கேள்விகளை போன்ல திரும்பக் கேப்பேன்."

"ஏன்?"

"பதில் அப்படியே இருக்கான்னு பார்க்கத்தான். நீங்க மாறலைன்னா பதிலும் மாறக் கூடாது இல்லையா? மாறுனா கேள்வி சரியில்லைன்னு அர்த்தம்."

நான் மாறாவிட்டால். தலையாட்டினேன்.

பிள்ளை வாசித்தது. ஒவ்வொன்றுக்கும் ஐந்து பதில். மிக நன்று என்பதில் தொடங்கி மிக மோசம் வரை. மாடிப்படி ஏறுவது எப்படி, பரவாயில்லை. நித்திரை எப்படி, பரவாயில்லை. வெளியே போகும்போது ஆட்கள் பார்ப்பது எப்படி, பரவாயில்லை.

பிள்ளை பேனையை வைத்தது. "அங்கிள், எல்லாத்துக்கும் நடுவுலயே நிக்கிறீங்களே."

மனைவி சிரித்தாள். "எங்கட ஆக்கள் நல்லா இருக்கெண்டு சொல்ல மாட்டினம் பிள்ளை. நாவூறு பட்டிடும்."

"சரி ஆன்ட்டி, மோசமா இருந்தா?"

"அதையும் சொல்ல மாட்டினம். சனம் கதைக்கும்."

"அப்ப நான் கடையை மூடிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்."

மூன்று பேரும் சிரித்தோம். வீட்டில் கன நாளாகச் சிரிக்காத மனைவி அங்கே சிரித்தாள். அதோடு அவளுக்குத் துணிவு வந்துவிட்டது. அடுத்த கேள்விகளுக்கு நான் வாய் திறக்க முதல் அவள் பதில் சொன்னாள். எங்கள் வீடுகளில் அதுதான் பழக்கம். டொக்டர் புருசனைக் கேட்டால் பெண்சாதி சொல்லுவாள். பிள்ளைக்கும் அது தெரிந்திருந்தது. "ஆன்ட்டி, அங்கிள் சொல்லட்டும்" என்று ஒருமுறை சொன்னது. பிறகு விட்டுவிட்டது.

சாப்பாட்டுக் கேள்வி வந்தது. கடந்த நான்கு வாரங்களில் மற்றவர்களோடு சேர்ந்து உணவு உண்பதில் உங்களுக்கு மகிழ்ச்சி இருந்ததா?

"அதுக்கென்ன," என்றாள் மனைவி. "நல்லாச் சாப்பிடுவார். கேட்டுக் கேட்டு வாங்குவார். சட்டியில ஒட்டின கறிக்குள்ள சோத்தைப் போட்டு வழிச்சுத் தரச் சொல்லுவார்."

பிள்ளை என்னைப் பார்த்தது. என் கழுத்தில் சட்டைக் கொலர் தனியாக நின்றது. "போன நாலு வாரத்துலயா ஆன்ட்டி?"

"ஓம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சி. முழுக்கச் சாப்பிட்டவர்."

பிள்ளை எழுதுவதை நிறுத்தியது. "அங்கிள், நீங்க ஆட்டிறைச்சி சாப்பிட்டீங்களா?"

"நான் இல்லை."

"அப்ப யாரு?"

மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். பஸ்ஸில் பக்கத்து சீற்றில் யாரோ வந்து இருந்தால் எப்படிப் பார்ப்போமோ அப்படிப் பார்த்தாள். மரியாதையாக, கொஞ்சம் ஒதுங்கி.

"இவர் இல்லை பிள்ளை," என்றாள். "இவருக்கு மூண்டு கரண்டிதான். நான் அவரைச் சொல்லுறன்."

பிள்ளை மெசினை நிறுத்தியது. வெளியே தேத்தண்ணி இருக்கிறது, போய்க் குடியுங்கள் ஆன்ட்டி என்றது. மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு போனாள். கதவு மூடும் வரைக்கும் இருந்துவிட்டுப் பிள்ளை குரலைத் தாழ்த்திக் கேட்டது.

"வீட்டுல வேற யாராவது இருக்காங்களா அங்கிள்?"

"இல்லை. நாங்கள் ரெண்டு பேர்தான்."

பிள்ளை கேள்வித்தாளின் ஓரத்தில் எதையோ எழுதியது. "இதுல ஒரு கேள்வி குறையுதுன்னு நினைக்கிறேன். கூட இருக்கிறவங்களைப் பத்தி இதுல கேக்கவே இல்லை." பிறகு கேட்டது, "ஆன்ட்டி யார்கிட்டயாவது பேசணும்னா நான் ஏற்பாடு பண்ணட்டுமா? தமிழ் பேசுறவங்க இருக்காங்க."

கேட்டுச் சொல்லுகிறேன் என்றேன்.

காரில் கேட்டேன். தனக்கு ஒரு வருத்தமும் இல்லை, தான் எதற்குப் போய்க் கதைக்க வேண்டும் என்றாள்.

"அப்ப ஏன் அந்தப் பிள்ளைக்கு அப்பிடிச் சொன்னனி?"

"எப்பிடி?"

"ஆட்டிறைச்சி."

"சாப்பிட்டதுதானே. பீங்கான் காலியாத்தானே இருந்தது."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. வெளியே மழை தூறியது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தாள். வீட்டு வாசலில் இறங்கும்போது, "ஏத்திக்கொண்டு வந்ததுக்கு நன்றி" என்றாள். இத்தனை வருசத்தில் எனக்கு அவள் நன்றி சொன்னதில்லை. புருசன் பெண்சாதிக்குள் அந்தச் சொல் எதற்கு?

இரண்டு மூன்று நாள் போனது. வேலை முடிந்து பின்னேரம் வந்தேன். வீடு வெளிச்சமாக இருந்தது. குசினியில் நின்று தண்ணீரைச் சின்னச் சின்ன மிடறாகக் குடித்தேன். எனக்கு அப்படித்தான் குடிக்க முடியும். அப்போது அறைக்குள் இருந்து குறட்டைச் சத்தம் வந்தது.

அது என்னுடைய குறட்டை. எனக்குத் தெரியும். மூச்சு மெசின் தர முதல் ஆஸ்பத்திரியில் பதிந்து எனக்கே போட்டுக் காட்டினார்கள். கதிரையைச் சீமெந்தில் இழுப்பது போல ஓர் இழுவை. பிறகு ஒன்றும் இல்லை. கேட்பவன் எண்ணத் தொடங்கும் அளவுக்கு ஒன்றும் இல்லை. பிறகு திடீரென்று இன்னோர் இழுவை. நான் குசினியில் நின்று என் நித்திரையைக் கேட்டுக்கொண்டு நின்றேன். கிளாஸைச் சத்தம் வராமல் கீழே வைத்தேன்.

மெல்லப் போய் அறைக் கதவைத் தள்ளினேன்.

கட்டிலில் நான் படுக்கும் பக்கத்தில் மனைவி மல்லாந்து கிடந்தாள். வாய் திறந்திருந்தது. வீட்டுச் சட்டை தோளிலும் வயிற்றிலும் இறுகி, தையல் பிரிந்து நின்றது. முகம் ஊதியிருந்தது. அவள் இவ்வளவு பருத்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். நான் இறங்குவதையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கட்டிலுக்குப் பக்கத்துச் சின்ன மேசையில் பெரிய பீங்கான். அதில் விரலால் வழித்த கோடுகள்.

என்னை விட்டு இறங்கிய எடை வீட்டை விட்டுப் போகவில்லை.

மூச்சு நின்றது. நான் நின்று பார்த்தேன். வரவில்லை. தோளைப் பிடித்து உலுப்பினேன். அவள் இழுத்துக்கொண்டு கண்ணைத் திறந்தாள்.

"ஆர்?"

"நான்."

என்னைப் பார்த்தாள். என்னைத் தாண்டிக் கதவைப் பார்த்தாள். "அவர் வந்திட்டாரோ?"

"ஒருத்தரும் வரேல்லை. எழும்பு."

அவள் எழும்பி இருந்தாள். பீங்கானைக் கண்டு சேலைத் தலைப்பைத் தேடுவது போலக் கையால் மூட எதையோ தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. நான் கட்டிலின் மற்றக் கரையில் இருந்தேன்.

"மிஞ்சினதைக் கொட்ட மனம் வரேல்லை," என்றாள். "அவற்ற சாப்பாடு."

"ஓம்."

"ஆஸ்பத்திரிக்கு நான்தான் கொண்டுபோய் விட்டனான். தள்ளுவண்டியில கொண்டு போச்சினம். பிறகு வேற ஒருத்தரைத் தந்து விட்டினம். குரலும் அவற்ற குரல் இல்லை. மணமும் அவற்ற மணம் இல்லை. எல்லாரும் என்னட்டை வந்து, உங்கட மனுசன் நல்லா இருக்கிறார், நல்லா இருக்கிறார் எண்டு சொல்லுகினம். நான் தலையாட்டிறன். ஒரு செத்தவீடும் நடக்கேல்லை. ஒருத்தரும் வந்து என்னைக் கட்டிப்பிடிச்சு அழேல்லை. ஆள் மட்டும் இல்லை."

அவள் அழவில்லை. நானும் அழவில்லை. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரன் புல்லு வெட்டிக்கொண்டிருந்தான்.

"அப்ப எட்டுச் செய்வம்," என்றேன்.

"வாயைக் கழுவுங்கோ. உயிரோட இருக்கிற ஆளுக்கோ?"

"நீ ஒவ்வொரு நாளும் படைக்கிறாய். விளக்கு மட்டும்தான் வைக்கேல்லை."

அவள் பீங்கானைத் தூக்கி மடியில் வைத்தாள்.

"ஒழுங்காச் செய்து அனுப்பி விடு. இல்லாட்டி அந்தாள் உன்னைச் சாப்பிட்டிடும்."

அந்தாள் என்று நான் சொன்னதும் அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். நான் அவளுடைய பக்கம் நின்று கதைத்ததாக நினைத்தாள் போல. "வியாழக்கிழமை," என்றாள். "உங்களுக்கு லீவுதானே."

வியாழன் காலை நான் ஸ்பிரிங்வேலுக்குப் போனேன். கணவாய், நண்டு, ஆட்டிறைச்சி, வாழையிலை. கடைக்காரன் இலையைச் சுற்றியபடி கேட்டான்.

"என்ன விசேசம்?"

"படையல்."

"ஆருக்கு?"

"அண்ணைக்கு."

அவனுடைய முகம் விழுந்துவிட்டது. "ஐயோ. ஒருத்தரும் சொல்லேல்லையே. நல்ல மனுசன். வாசல்ல நிண்டா கடை இருட்டிப்போகும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு தேங்காயைப் பைக்குள் போட்டான். "நான் தந்ததா வையுங்கோ." நானும் கண்ணைத் துடைத்தேன். உண்மையாகத்தான் துடைத்தேன்.

மனைவி காலை தொடங்கிச் சமைத்தாள். வீடு முழுக்க மணந்தது. படம் வைக்கலாம் என்றேன். உயிருள்ள ஆளின் படத்துக்கு விளக்கு வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பழைய சட்டை ஒன்றை எடுத்து வந்தாள். நீலக் கோட்டுச் சட்டை. தோய்த்து அயன் பண்ணி வைத்திருந்தாள். தலைப்புக் கதிரையின் சாய்மானத்தில் அதை மாட்டிப் பொத்தானெல்லாம் பூட்டினாள். முன்னால் இலை. இலையில் சோறும் எல்லாக் கறியும் வைத்தாள். புட்டு வைத்தாள். தண்ணீர் வைத்தாள். குத்துவிளக்கைக் கொளுத்தினாள்.

எங்கள் வீட்டில் சூட்டுக்காற்று நிலத்துத் துவாரங்களால் வரும். ஒரு துவாரம் அந்தக் கதிரைக்குக் கீழே இருக்கிறது. கற்பூரம் கொளுத்தும் நேரம் ஹீற்றர் தானாக ஓடத் தொடங்கியது. சட்டை மெல்ல நிறைந்தது. வயிறு வந்தது. நெஞ்சு வந்தது. கை இரண்டும் கொஞ்சம் தூக்கின. சாப்பாட்டுக்கு முன்னால் ஓர் ஆள் நிமிர்ந்து இருந்தான்.

காற்று என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். ஹீற்றரை நிறுத்த நாங்கள் இரண்டு பேரும் போகவில்லை.

"சாப்பிடுங்கோ," என்றாள் அவள் சட்டையைப் பார்த்து. "ஆறுதலாச் சாப்பிட்டுப் போங்கோ."

வெளியே வந்து குசினிக் கதவைச் சாத்தினோம். கொல்லையில் உடுப்புக் காயப்போடும் கம்பிக்குப் பக்கத்தில் நின்றோம். நல்ல வெயில். பக்கத்து வீட்டு நாய் வேலி இடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றது. முந்தி அதற்கு எலும்பு போடுவது நான்தான். ஒப்பரேசனுக்குப் பிறகு என்னைக் கண்டால் குரைக்கும். அன்றைக்குக் குரைக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. எங்கள் குசினிக் கதவைப் பார்த்தது. பிறகு வாலை ஆட்டத் தொடங்கியது.

நன்றாக ஆட்டியது. பின்பக்கம் முழுக்க அசைந்தது. வேலியில் முன்னங்கால் இரண்டையும் தூக்கி வைத்தது. பிறகு தலையை மெல்லத் திருப்பியது. கதவில் இருந்து வீட்டுப் பக்கச் சுவர் நீளத்துக்கு, அங்கிருந்து முன்வாசல் கேற் வரைக்கும். நடந்து போகும் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருப்பது போல. அங்கே யாரும் இல்லை. கேற்றடியில் அதனுடைய பார்வை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வால் நின்றது. வேலியை விட்டு இறங்கிப் போய்ப் படுத்தது.

மனைவி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாள் என்று தெரியாது. எலும்பில் நோகும்படி பிடித்திருந்தாள்.

"போயிட்டார்," என்றாள்.

உள்ளே வந்தோம். ஹீற்றர் நின்றிருந்தது. சட்டை கதிரையில் தொங்கிக்கொண்டிருந்தது. இலையில் ஒன்றும் குறையவில்லை. அவள் சட்டையைக் கழற்றி மடித்து, தானமாகக் கொடுக்கும் உடுப்புப் பைக்குள் வைத்தாள். பிறகு இலையை நிலத்தில் இறக்கி வைத்து, சம்மணம் கட்டி அந்த இலையில் சோற்றைக் குழைத்தாள். கணவாயும் கத்தரிக்காயும் சேர்த்து ஓர் உருண்டை பிடித்து என் கையில் தந்தாள்.

"இருந்து தின்னுங்கோ."

நாலு வாய் தின்றேன். அதற்கு மேல் முடியவில்லை. சொன்னேன். சரி என்றாள். தனக்கும் ஒரு பிடி எடுத்தாள். மிச்சத்தை இலையோடு சுருட்டிக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டிக்குள் போட்டாள். அதுவரை அவள் சோற்றைக் கொட்டி நான் கண்டதில்லை.

அன்று தொடங்கி மேசையில் இரண்டு பீங்கான்தான். சின்னது ஒன்று, நடுத்தரம் ஒன்று.

அடுத்த கிழமை பிள்ளை போன் எடுத்தது, இரண்டாந்தரம் கேட்க. ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு அங்கிள். போன தடவைக்கு அப்புறம் வாழ்க்கையில பெரிய மாற்றம் ஏதாவது? வேலை போனது, உடம்புக்கு முடியாமப் போனது, வீட்டுல யாராவது தவறினது, அந்த மாதிரி?"

நான் யோசித்தேன். பொய் சொல்லவும் விருப்பம் இல்லை. உண்மை சொல்லவும் வழி தெரியவில்லை. மனைவி போனுக்குக் கிட்ட வந்தாள்.

"ஓம் பிள்ளை. ஒரு எட்டுச் செலவு செய்தனாங்கள்."

"ஐயையோ. யாருக்கு ஆன்ட்டி?"

"வீட்டு ஆள்தான். இவருக்கும் நல்லாத் தெரிஞ்ச ஆள்."

போனில் பேனையை வைக்கும் சத்தம் கேட்டது. அன்றைக்கு அறையில் கேட்டதெல்லாம் அந்தப் பிள்ளைக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"சாரி ஆன்ட்டி," என்றது மெதுவாக. "அப்ப அங்கிளோட ரெண்டாவது பதிலை எங்களால எடுத்துக்க முடியாது. நடுவுல துக்கம் நடந்தா சேர்க்கக் கூடாதுன்னு விதி."

"அது உங்கட பாடு பிள்ளை. எண்டாலும் அந்தச் சாப்பாட்டுக் கேள்வியை ஒருக்காக் கேளும்."

பிள்ளை கேட்டது. மற்றவர்களோடு சேர்ந்து உணவு உண்பதில் மகிழ்ச்சி இருந்ததா? மனைவி வாய் திறக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பரவாயில்லை," என்றேன்.

"இன்னும் நடுவுலதானா அங்கிள்?" பிள்ளை சிரித்தது. மனைவியும் சிரித்தாள்.

மாதக் கடைசியில் சிட்னிக்குப் போனோம். நான் வருவதா இல்லையா என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுக்கச் சொல்லி அவளே மகளிடம் சொல்லியிருந்தாள். விமான நிலையத்தில் இருந்து டாக்சி. மகள் கதவைத் திறந்தாள். அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டு பேத்தி நின்றாள். முந்தி என் வயிற்றின் மேல் படுத்து நித்திரை கொள்ளும் பிள்ளை. போனில் என் முகத்தைக் காட்டினால் ஓடிவிடுவாள் என்று மகள் சொல்லியிருக்கிறாள்.

பேத்தி என்னைப் பார்த்தாள். பிறகு என்னைத் தாண்டி, கதவு திறந்தபடி நின்ற டாக்சியைப் பார்த்தாள். அம்மப்பா எங்கே என்று இங்கிலீசில் கேட்டாள்.

மகள் சங்கடத்தோடு சிரித்தாள். "இவர்தானம்மா."

பிள்ளை இல்லை என்று தலையாட்டினாள். டாக்சிக்காரன் கதவைச் சாத்திக்கொண்டு போனான். பிள்ளை அந்தத் தெருவையே பார்த்தாள்.

மனைவி பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தாள். "எனக்கும் முதல்ல தெரியேல்லைத்தான். இவர்தான். தள்ளி நில்லு, மனுசனுக்குக் கால் உளையும்."

பிள்ளை வழி விட்டாள். நான் உள்ளே போனேன். மனைவி பின்னால் வந்தாள், மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளை மட்டும் கதவைப் பிடித்தபடி நின்றாள். சாத்த விடவில்லை. இன்னும் ஓர் ஆள் வரவேண்டும் என்றாள்.

மனைவி திரும்பிப் போனாள். வாசலில் நின்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். நான் உள்ளே நின்று அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒருத்தரும் இல்லை," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.